ஊருக்கு ஊர் அச்சடித்த பணம்: ஜெர்மனியின் ‘நோட்கெல்ட்’ – சந்தேகங்களும் விளக்கங்களும்

பழைய நாணயக் கண்காட்சிகளிலும் இணைய விற்பனையிலும் ஜெர்மன் ஊர்ப் பெயர்கள் தாங்கிய சின்னஞ்சிறு காகித நோட்டுகள் அடிக்கடி காணக் கிடைக்கின்றன. ஒன்றில் 50 ஃபெனிக், இன்னொன்றில் 50 கோடி மார்க். மைய வங்கியின் பெயர் இருக்காது. நகராட்சி முத்திரை இருக்கும், பெரும்பாலும் ஒரு கடைசித் தேதியும் இருக்கும். இவை உண்மையான பணமா, யார் அடித்தது, யார் பொறுப்பேற்றது என்பது குறித்துப் பரவலாகக் கேட்கப்படும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

‘நோட்கெல்ட்’ என்றால் என்ன?

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 முதல் பணவீக்கம் அடங்கிய 1923-24 வரை, ஜெர்மனியின் நகராட்சிகள், மாவட்ட நிர்வாகங்கள், சேமிப்பு வங்கிகள், தொழிற்சாலைகள் ஆகியவை தாமாகவே வெளியிட்ட தற்காலிகப் பணம் இது. அரசு நாணயச்சாலை வார்த்த காசுகளும், மைய வங்கியான ரைக்ஸ்பாங்க் அச்சிட்ட நோட்டுகளும் இதில் சேரா. பெரும்பகுதி காகிதம்; துத்தநாக, இரும்பு வில்லைகளும் உண்டு.

போருக்கு முன்பு அங்கே என்னென்ன பணம் புழங்கியது?

ஒரு மார்க்குக்கு 100 ஃபெனிக். 1, 2 ஃபெனிக் செம்பிலும், 5, 10 ஃபெனிக் செம்பு-நிக்கல் கலவையிலும், அரை மார்க் முதல் 5 மார்க் வரை வெள்ளியிலும், 10, 20 மார்க் தங்கத்திலும் இருந்தன. காகிதத்தில் மிகச் சிறியது 5 மார்க் நோட்டு. அதற்குக் கீழே கொடுக்கல் வாங்கல் முழுக்கக் காசை நம்பியே நடந்தது என்பதுதான் பின்னால் வந்த நெருக்கடிக்கு வேர்.

போர் மூண்டதும் சில்லறை எங்கே போனது?

வீட்டுப் பெட்டிகளுக்குள் போனது. 1914 ஜூலை கடைசி வாரத்தில் நோட்டைக் கொடுத்துவிட்டுத் தங்கக் காசு வாங்க வங்கி வாசல்களில் மக்கள் திரண்டனர். ஜூலை 31 அன்று ரைக்ஸ்பாங்க் அந்த மாற்றத்தை நிறுத்தியது, ஆகஸ்ட் 4-ல் அதற்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. தங்கம் இனி இல்லை என்றானதும் வெள்ளிக் காசையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. படை திரட்டலுக்காக ராணுவமும் அதே நாட்களில் பெருமளவு ரொக்கத்தை இழுத்துக்கொண்டது.

நோட்டு கையில் இருக்கும்போது காசு இல்லாதது அவ்வளவு பெரிய சிக்கலா?

கூலி நாளில் அது தெரியும். எடுத்துக்காட்டாக, 500 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆளுக்கு வாரக் கூலி 27 மார்க் 50 ஃபெனிக் என்று கொண்டால், 20 மார்க்கும் 5 மார்க்கும் நோட்டாகக் கொடுத்துவிடலாம். மீதி 2 மார்க் 50 ஃபெனிக்குக் காசு வேண்டும். மொத்தம் 1,250 மார்க் சில்லறை ஒரே நாளில் தேவைப்படும். அப்படியே நோட்டாகக் கொடுத்தனுப்பினாலும், அரை மார்க் சாமானுக்கு 5 மார்க்கை நீட்டுபவருக்குக் கடைக்காரர் மீதி தர வழியில்லை.

அரசு உடனடியாகச் சிறு நோட்டு அடிக்கவில்லையா?

அடித்தது. போர்க்காலக் கடன் நிலையங்களின் பெயரில் 5 மார்க் நோட்டுகள் 1914 ஆகஸ்ட் 5 தேதியிட்டும், 1 மற்றும் 2 மார்க் நோட்டுகள் ஆகஸ்ட் 12 தேதியிட்டும் வெளியாயின. ஆனால் ரயில்கள் படைகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த வாரங்கள் அவை. எல்லையோர மாவட்டங்களுக்கு நோட்டுக் கட்டுகள் போய்ச் சேரத் தாமதமானது. அந்த இடைவெளியை நிரப்பியதுதான் முதல் சுற்று நோட்கெல்ட்.

எந்தப் பகுதிகள் முதலில் வெளியிட்டன?

கிழக்கில் கிழக்குப் பிரஷ்யா, போசன், சைலீசியா. மேற்கில் அல்சாஸ், ரூர் தொழிற்பகுதி. போர்முனைக்கு அருகே இருந்த இடங்களும், கூலித் தொழிலாளர் அதிகம் இருந்த இடங்களுமே முந்திக்கொண்டன. 1914-15-ல் இப்படி வெளியிட்ட அமைப்புகள் ஏறத்தாழ 450.

முதல் சுற்றில் என்னென்ன மதிப்புகள் இருந்தன?

பெரும்பாலும் 50 ஃபெனிக், 1 மார்க், 2 மார்க், 3 மார்க், 5 மார்க். எந்த வெள்ளிக் காசுகள் காணாமல் போயினவோ, அவற்றின் இடத்துக்கே நோட்டு வந்தது.

அந்த நோட்டுகள் பார்க்க எப்படி இருந்தன?

பல நோட்டுகள் அலுவலகச் சீட்டு போலவே இருந்தன: சாதா அட்டை அல்லது தடித்த தாள், அதில் தட்டச்சிலோ உள்ளூர் அச்சகத்தின் எழுத்திலோ ஒரு தொகை, ஊர்ப்பெயர், தேதி. வரிசை எண்ணை எழுத்தர் பேனாவால் போட்டிருப்பார். மேயரோ பொருளாளரோ ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். பின்பக்கம் பெரும்பாலும் வெறுமை. பிற்காலத்து வண்ண நோட்டுகளைவிட இவையே அரிதானவை.

மைய அரசிடம் அனுமதி பெற்றார்களா?

1914-ல் பெரும்பாலும் இல்லை. 1875 மார்ச் 14-ஆம் தேதி வங்கிச் சட்டப்படி, நாட்டின் சட்டம் உரிமை வழங்காத எவரும் வங்கி நோட்டு வெளியிட முடியாது. அதனால்தான் பல ஊர்கள் தங்கள் நோட்டில் ‘வங்கி நோட்டு’ என்று போடாமல் ‘பற்றுச்சீட்டு’ என்று போட்டன. சட்டத்தை நிலைநிறுத்தப் போனால் கூலி நின்றுவிடும் என்பதால் பெர்லின் கண்டும் காணாமல் இருந்தது என்பதே உண்மை நிலை.

கடைக்காரர் அதை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததா?

சட்டப்படி இல்லை, அது செலாவணி உரிமை பெற்ற பணம் அன்று. ஆனால் வெளியிட்ட நகராட்சி வரிக்கும் கட்டணத்துக்கும் அதை ஏற்றுக்கொண்டது, உள்ளூர்க் கடைகளும் வேறு வழியின்றி ஏற்றன. ஊர் எல்லையைத் தாண்டினால் வாங்குவதும் மறுப்பதும் எதிராளியின் விருப்பம்.

ஈடு என்ன? யார் பொறுப்பு?

நகராட்சி நோட்டுக்கு நகராட்சியின் சொத்தும் வரி வருவாயும் பொறுப்பு. ஆலை நோட்டுக்கு ஆலையே பொறுப்பு. கவனமான நிர்வாகங்கள், வெளியிட்ட மொத்தத் தொகைக்குச் சமமான பெரிய நோட்டுகளைச் சேமிப்பு வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டே சிறு நோட்டைக் கொடுத்தன. இந்த வேறுபாடு முக்கியம்: முன்னது வெறும் வாக்குறுதி, பின்னது பெரிய பணத்தின் சில்லறை வடிவம்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்து உண்மைப் பணம் வாங்குவது எப்படி?

நோட்டிலேயே இடம் குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமாக நகராட்சிக் கருவூலம் அல்லது சேமிப்பு வங்கி. சில ஊர்கள் சில்லறையாகக் கொண்டுவருவதை ஊக்குவிக்காமல், குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் மாற்றித் தந்தன. கட்டணமோ பிடித்தமோ இல்லாமல் முகமதிப்பு முழுவதும் தரப்பட வேண்டும் என்பதே கொள்கை.

கெடு எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது?

இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, நோட்டிலேயே நாள் அச்சிடுவது. மற்றொன்று, ‘உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியான ஒரு மாதத்தில் செல்லாததாகும்’ என்பது போன்ற நிபந்தனை. இரண்டாவது முறையில் நாளிதழ் படிக்காதவர், வெளியூர் சென்றவர், போர்முனையில் இருந்தவர் ஆகியோருக்கே இழப்பு அதிகம்.

கெடு தவறிய நோட்டின் கதி?

வெறும் காகிதம். கொண்டுவரப்படாத ஒவ்வொரு நோட்டின் முகமதிப்பும் வெளியிட்டவருக்கு மிச்சம். அச்சுக்கூலி மட்டுமே செலவு. 1914-ல் இந்த மிச்சத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை, ஆனால் ஆறேழு ஆண்டுகளில் அதுவே நோட்டு அடிப்பதற்கான காரணமாக மாறியது.

கள்ளநோட்டு அடிப்பது எளிதாக இருந்திருக்குமே?

சாதா அட்டையும் ரப்பர் முத்திரையும் கொண்ட நோட்டைப் போலியாக்குவது கடினமான வேலையன்று. ஆனால் சிறு ஊரில் கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர்கள் அதிகம், மதிப்போ சில மார்க், புழக்கமோ ஓர் ஊருக்குள். பின்னர் நீர்க்குறித் தாள், புடைப்பு முத்திரை, நுணுக்கக் கோட்டு அச்சு ஆகியவை சேர்ந்தன.

முதல் சுற்று எவ்வளவு காலம் நீடித்தது?

சில மாதங்களே. கடன் நிலையங்களின் 1, 2, 5 மார்க் நோட்டுகள் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்ததும், 1914 இறுதியிலும் 1915 தொடக்கத்திலும் பெரும்பாலான ஊர்கள் தங்கள் நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

காசே குண்டாகிப் போன ஆண்டுகள்

அப்படியானால் 1916-க்குப் பிறகு மீண்டும் ஏன் அடித்தார்கள்?

இம்முறை பதுக்கல் மட்டும் காரணமன்று. செம்பும் நிக்கலும் வெடிகுண்டுக்கும் தோட்டாவுக்கும் தேவைப்பட்டன. கடல்வழி முற்றுகையால் இறக்குமதி நின்றது. வீட்டுச் செம்புப் பாத்திரங்களும் தேவாலய மணிகளும் எடுக்கப்பட்ட அதே காரணத்துக்காகச் சிறு காசுகளும் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. எனவே முன்பு மார்க்குக்கு இருந்த தட்டுப்பாடு இப்போது ஃபெனிக்குக்கு வந்தது: 5, 10, 25, 50 ஃபெனிக் நோட்டுகள் பெருகின.

மாற்று உலோகத்தில் அரசு காசு வார்க்கவில்லையா?

5 ஃபெனிக் 1915 முதலும், 10 ஃபெனிக் 1916 முதலும் இரும்பில் வந்தன; 1917-ல் துத்தநாகத்தில் 10 ஃபெனிக், செம்புக்குப் பதில் அலுமினியத்தில் 1 ஃபெனிக். தேவைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. மறுபுறம், வெள்ளி 2 மார்க் காசு 1918 ஜனவரி 1 முதல் செல்லாது என 1917 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அதன் வெள்ளியை அரசு மீட்க விரும்பியது.

ஊர்கள் நோட்டு மட்டும்தான் அடித்தனவா, காசும் வார்த்தனவா?

காசும் வார்த்தன. துத்தநாகம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றில் வட்டமாகவும் எட்டுமூலையாகவும் சிறு வில்லைகள் வெளியாயின. காகிதம் விரைவில் கிழியும் டிராம் கட்டணம், எரிவாயு மீட்டர் போன்ற இடங்களுக்கு அவை வசதியாக இருந்தன.

போர்க் கைதிகளுக்கெனத் தனிப் பணம் இருந்தது என்பது சரியா?

சரி. கைதி முகாம்கள் தமக்குள் மட்டும் செல்லும் நோட்டுகளையும் வில்லைகளையும் வெளியிட்டன. முகாம் வேலைக்கான கூலி அதில்தான் வழங்கப்பட்டது. தப்பிச் செல்பவர் கையில் வெளியே செல்லும் பணம் இருக்கக் கூடாது என்பது நோக்கம். இது சில்லறைத் தட்டுப்பாட்டின் விளைவன்று என்பதால் தனி வகையாகவே எண்ணப்பட வேண்டும்.

1918 தேதியிட்ட 20, 50 மார்க் ஊர் நோட்டுகளும் இருக்கின்றனவே?

அவை ரைக்ஸ்பாங்கே கேட்டுக்கொண்டதால் வந்தவை. 1918 இலையுதிர்காலத்தில் தோல்வி உறுதியானதும் மக்கள் வங்கிக் கணக்குகளைக் காலி செய்யத் தொடங்கினர். ரைக்ஸ்பாங்கின் அச்சகத்தால் ஈடுகட்ட முடியவில்லை. பெரிய நகரங்கள் 5 முதல் 100 மார்க் வரை அச்சிட்டுக்கொள்ளலாம் என்றும் அச்சுச் செலவில் பாதியைத் தான் ஏற்பதாகவும் அது தெரிவித்தது. பல நோட்டுகளில் 1919 பிப்ரவரி 1 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டது. 1914-ல் பொறுத்துக்கொள்ளப்பட்ட செயல், நான்கே ஆண்டில் மைய வங்கியின் வேண்டுகோளாகிவிட்டது.

சில்லறை, ஆல்பத்துக்குள் போனது

போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. பிறகும் ஏன் தொடர்ந்தது?

மார்க்கின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனதால் வெள்ளிக் காசின் உலோகம் அதன் முகமதிப்பைத் தாண்டியது; வெளியே வர அதற்குக் காரணமே இல்லை. அலுமினிய 50 ஃபெனிக் காசு 1919-ல்தான் வந்தது. அதுவரை ஊர் நோட்டே மீதி கொடுக்கும் பணமாக இருந்தது.

நோட்டுகளில் கதைப் படங்களும் செய்யுள்களும் எதற்கு?

சேகரிப்போருக்காக. வெளியூர்க்காரர்கள் நோட்டுகளைச் சேர்ப்பதையும், சேர்த்த நோட்டுகள் மாற்றத்துக்குத் திரும்பி வராததையும் நிர்வாகங்கள் கவனித்தன. 1920 முதல் 1922 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் ஒரே கதையை ஐந்தாறு நோட்டுகளாகப் பிரித்து வண்ணத்தில் அச்சிட்டு, தொகுப்பாக விற்றன. 75 ஃபெனிக் போன்ற, எந்தக் காசுக்கும் பொருந்தாத மதிப்புகள் பெருகியதும் அப்போதுதான்.

இதில் ஊருக்கு எவ்வளவு கிடைத்தது?

கணக்கு எளிது. ஆறு 50 ஃபெனிக் நோட்டு கொண்ட ஒரு தொகுப்பின் முகமதிப்பு 3 மார்க்; சேகரிப்பவர் அதையோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கி ஆல்பத்தில் ஒட்டிவிட்டால், அச்சுக்கூலி போக எல்லாம் வருமானம். மீட்கும் கடமை கெடுவோடு முடிந்துவிடும். இதைச் சில்லறைத் தட்டுப்பாட்டு நிவாரணம் என்று சொல்வதைவிட நகராட்சியின் அஞ்சலட்டை வியாபாரம் என்பதே பொருத்தம்.

எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க தொகுப்புகள் எவை?

ஹாமெல்ன் நகர நோட்டில் எலிகளையும் பின்னர் குழந்தைகளையும் ஊரைவிட்டு அழைத்துச் சென்ற குழலூதியின் கதை உண்டு. நவும்பர்க் தொகுப்பில், 1432-ல் ஹுசைட் படை முற்றுகையிட்டபோது ஊர்க் குழந்தைகள் சென்று மன்றாட, தளபதி மனமிரங்கிச் செர்ரிப் பழம் கொடுத்தனுப்பியதாகச் சொல்லப்படும் செவிவழிக் கதை கறுப்பு நிழலுருவங்களாக ஓடுகிறது; வரைந்தவர் வால்டர் ஹேகே. மெக்லன்பர்க் பகுதியின் 70 ஊர்கள், வட்டார மொழி எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் ராய்ட்டரை முன்னிறுத்தி 10, 25, 50 ஃபெனிக் என மூன்று நோட்டுகள் வீதம் 210 நோட்டு கொண்ட ஒரே வரிசையை வெளியிட்டன.

பட்டுத் துணியிலும் பீங்கானிலும் பணம் அடித்தார்கள் என்பது கட்டுக்கதையா?

உண்மை. நெசவுக்குப் பெயர்பெற்ற பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி, அதன் இயக்குநர் பால் ஹாங்கேயின் முயற்சியில் பட்டு, லினன், வெல்வெட் ஆகியவற்றில் நோட்டு அச்சிட்டது. சிலவற்றின் ஓரத்தில் சரிகைப் பின்னல்கூட உண்டு. சாக்சனி மாநிலத்துக்காக மைசன் பீங்கான் ஆலை 1920, 1921-ல் செம்பழுப்பு நிறக் களிமண் காசுகளைச் சுட்டது. ஓஸ்டர்வீக் ஊரில் தோலில் அச்சிட்டார்கள். இவற்றில் மிகப் பெரும்பகுதி கடை மேசையைத் தொடாமல் சேகரிப்போரின் அலமாரிக்கே சென்றது.

அரசு இதைத் தடுக்கவில்லையா?

1922 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டம் தடுத்தது. நிதியமைச்சகத்தின் அனுமதியின்றி யாரும் நோட்கெல்ட் வெளியிடக் கூடாது, ஏற்கெனவே வெளியிட்டவற்றை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. படத் தொகுப்பு வியாபாரம் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அடுத்த இரண்டே மாதங்களில் வேறொரு காரணத்துக்காக அனுமதி வழங்க வேண்டியதாயிற்று.

கோடிகளும் லட்சம் கோடிகளும்

லட்சக்கணக்கான மார்க் போட்ட நோட்டுகளும் இதே வகையா?

பெயர் ஒன்று, காரணம் வேறு. 1914-ல் தட்டுப்பாடு சில்லறைக்கு. 1922 செப்டம்பருக்குப் பிறகு தட்டுப்பாடு எல்லா நோட்டுக்கும். விலைகள் ஏறிய வேகத்துக்கு ரைக்ஸ்பாங்க் அச்சடிக்க முடியாததால் ஊர்களும் ஆலைகளும் மீண்டும் இறங்கின; ஈடாக வைப்புத் தொகை கட்ட வேண்டும் என்பது அனுமதிக்கான நிபந்தனை. தொகையைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்: 100 மார்க்குக்குள் இருந்தால் பெரும்பாலும் முந்தைய சுற்றுகள், ஆயிரத்தைத் தாண்டினால் பணவீக்கக் காலம்.

ரைக்ஸ்பாங்கால் ஏன் முடியவில்லை?

1923-ல் அதன் சார்பில் 133 அச்சகங்கள் 1,783 இயந்திரங்களில் ஓடின. 30-க்கும் மேற்பட்ட காகித ஆலைகள் தாள் கொடுத்தன. அப்படியும் போதவில்லை. அச்சாகி வருவதற்குள் நோட்டின் மதிப்பு கரைந்துவிடும். அடுத்த கூலி நாளுக்கு இன்னும் பெரிய எண் தேவைப்படும்.

1923-ல் எத்தனை பேர் வெளியிட்டார்கள்?

5,800-க்கும் மேற்பட்ட அமைப்புகள். நகராட்சிகளோடு தனியார் ஆலைகளும் ரயில்வே நிர்வாகமும் அடக்கம். அனுமதி பெறாமல் அடித்தவர்களும் ஏராளம். துரிங்கியா மாநில வங்கியின் 10 லட்சம், 20 லட்சம் மார்க் நோட்டுகளை வடிவமைத்தவர் பௌஹௌஸ் பள்ளியின் ஹெர்பர்ட் பேயர். அலங்காரம் எதுவுமின்றிக் கனத்த எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட அவை அவசரத்துக்கு ஏற்ற வடிவம்.

0.42 தங்க மார்க் என்ற வினோதத் தொகை எப்படி வந்தது?

போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.20 மார்க். அதன் பத்தில் ஒரு பங்கு 0.42. காகித மார்க்கை யாரும் நம்பாத 1923 இறுதி மாதங்களில், தங்கத்துடனும் டாலருடனும் பிணைத்த நிலைமதிப்பு நோட்டுகளைச் சில நகரங்களும் ரயில்வேயும் வெளியிட்டன.

இவை எல்லாம் எப்போது, எப்படி முடிவுக்கு வந்தன?

1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய பணம் புழக்கத்துக்கு வந்தது. நவம்பர் 20-ல் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் என்ற அளவில் நிறுத்தப்பட, ஒரு ரென்டன்மார்க் ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்குச் சமமானது. நவம்பர் 22 முதல் ஊர் நோட்டுகளை ரைக்ஸ்பாங்க் வாங்காது என அறிவிக்கப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர் நாணய ஆணையர் யால்மார் ஷாக்ட். புதிய நோட்டு அடிப்பதில் லாபமில்லை என்றானதும் அச்சு இயந்திரங்கள் தாமாக நின்றன.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. பிரான்ஸில் 1914 ஆகஸ்ட் முதலே வணிகர் சங்கங்கள் 50 சென்டிம், 1 பிராங்க், 2 பிராங்க் நோட்டுகளை வெளியிட்டன. சமமான தொகையைப் பிரான்ஸ் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையால் அவை ஜெர்மன் நோட்டுகளைவிடப் பாதுகாப்பானவை. ஆஸ்திரியாவில் போர் முடிந்த பின்னர், குறிப்பாக 1920-ல், கிராமங்கள்கூட 10, 20, 50 ஹெல்லர் நோட்டுகள் அடித்தன.

இந்தியாவில் சில்லறைக்காகக் காகிதம் அச்சிடப்பட்டதுண்டா?

இரு போர்களிலும் உண்டு. முதல் போரில் வெள்ளித் தட்டுப்பாட்டால் இந்திய அரசு 1917 நவம்பர் 30-ல் 1 ரூபாய் நோட்டையும், 1918 ஜனவரி 2-ல் இரண்டரை ரூபாய் நோட்டையும் வெளியிட்டது. இரண்டாம் போரில், தேவைக்கு மேல் காசு சேர்ப்பது 1940 ஜூன் 25 முதல் குற்றமாக்கப்பட்டது. ஜூலை 24 அவசரச் சட்டத்தால் 1 ரூபாய் நோட்டு மீண்டும் வந்தது. 1943-ல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வார்க்கப்பட்டது.

ஆனால் அவை அரசு நோட்டுகள். உள்ளூர் நோட்டு இங்கே உண்டா?

சமஸ்தானங்களின் ‘கேஷ் கூப்பன்’கள் அதற்கு நேர் நிகர். 1939-45 காலத்தில் மோர்வி, கோண்டல், ஜூனாகட், நவாநகர், பூந்தி, பிகானேர் உள்ளிட்ட மேற்கு இந்திய சமஸ்தானங்கள், குறிப்பாகச் சௌராஷ்டிரப் பகுதியினர், பைசாவுக்கும் அணாவுக்கும் பதிலாகச் சிறு அட்டைகளை வெளியிட்டன. சமஸ்தான எல்லைக்குள் மட்டுமே அவை செல்லும்.

இலங்கையின் கிழித்துத் தரும் 5 சத நோட்டு என்பது என்ன?

1942-ல் இலங்கை அரசு 5, 10, 25, 50 சத நோட்டுகளை வெளியிட்டது. அவற்றில் 5 சத நோட்டு 2 சதம், 3 சதம் என இரு பகுதிகளாக அச்சிடப்பட்டு நடுவில் கிழிக்கத்தக்க கோடு இடப்பட்டிருந்தது; தேவைப்பட்டால் பிரித்துத் தனித்தனியாகச் செலவிடலாம். பிரிக்கப்படாத முழு நோட்டுகளையே இன்று சேகரிப்போர் விரும்புகின்றனர்.

பழைய நோட்கெல்டை இப்போது ஜெர்மன் வங்கியில் மாற்ற முடியுமா?

முடியாது. மீட்கும் கெடுக்கள் எல்லாம் 1920-களிலேயே முடிந்துவிட்டன. யூரோவாக மாற்றும் ஏற்பாடு எதுவும் இல்லை. சேகரிப்பு மதிப்பு மட்டுமே உண்டு. அதிலும் 1921-22 படத் தொகுப்புகள் பெருமளவில் அச்சிடப்பட்டதால் மலிவு. 1914-ன் கையெழுத்திட்ட அட்டைகளும் பீலஃபெல்ட் பட்டு நோட்டுகளும் விலை கூடியவை.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஊர்ப்பெயர், தேதி, மதிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஊர் நான்கு சுற்றுகளிலும் நோட்டு அடித்திருக்கக்கூடும். மடிப்பே இல்லாத 1921 நோட்டு இயல்பானது, ஏனெனில் அது புழங்கவே இல்லை. மடிப்பே இல்லாத 1914 நோட்டுக்கோ இரண்டு விளக்கங்கள்தான்: கெடுவுக்குள் மாற்றப்படாமல் யாரோ பத்திரப்படுத்தியது, அல்லது பின்னாளில் மறுஅச்சு செய்யப்பட்டது. மை கையெழுத்தும் முத்திரையும் தாளில் ஊறியிருக்கின்றனவா, அச்சோடு அச்சாகப் படிந்திருக்கின்றனவா என்பதை உருப்பெருக்கியில் பார்த்துத் தீர்மானிப்பது வழக்கம்.